கிணறு கெட்ட கதையை எங்கே தேடுவது?

காந்திகிராமத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் ஒருவர் இப்படியொரு கேள்வியோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் கிணறுகள் உப்பேறிய ஊர்களில், அதன்பின் எந்தப் பயிர் போனது, எந்தப் பயிர் வந்தது, நிலத்தை விட்டு நூற்பாலை வேலைக்குப் போனவர்கள் யார்?

ஒரே வாக்கியம்தான். ஆனால் அதற்குள் வேதியியல் இருக்கிறது, பாறையியல் இருக்கிறது, வேளாண்மையும் கூலியும் சட்டமும் இருக்கின்றன. இதற்கு விடை சொல்லும் ஒற்றைப் புத்தகம் எந்த அலமாரியிலும் கிடையாது. விடையின் துண்டுகள் மட்டும் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. இன்ன புத்தகம் இருக்கிறதா என்று கேட்பவருக்கு உதவுவது எப்படி என்பதை நூலகங்கள் வெகு காலமாக அறிந்திருக்கின்றன. துண்டுகளைச் சேர்த்து விடையை உருவாக்க வேண்டியவருக்கு எப்படி உதவுவது? மின்னூலகத்தை வடிவமைப்பவர்களின் உண்மையான சோதனை அதுதான்.

முதலில், துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கலாம். 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில் 1956-இல் ஊரக நிறுவனம் பிறந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. சுற்றுவட்டாரக் கிராமங்களைப் பற்றி அங்கே எழுதப்பட்ட ஆய்வேடுகள் ஒரு பெரும் சேகரம். ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், குடகனாற்றின் மேல் வடிநிலத்தில் மாசு பாறை வெடிப்புகளின் வழியே எப்படி நகர்கிறது என்று கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். அவை ஆங்கில ஆய்விதழ்களில் உள்ளன. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கண்காணிப்புக் கிணற்று அளவீடுகள் வேறோர் இடத்தில். நூறாண்டுக்கு முன்பு இந்த நிலம் எப்படி இருந்தது என்று அறிய டபிள்யூ. பிரான்சிஸ் 1906-இல் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடி இருக்கிறது. ஆலைகளுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய டி. செல்வராஜின் ‘தோல்’ நாவல் இருக்கிறது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றிய அந்த நாவல் 2012-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நீரியல் ஆய்வாளர் நாவல் படிக்க வேண்டுமா என்று கேட்கலாம். கழிவுநீர் எந்த வாய்க்காலில் போனது என்பதை, அதில் கால் நனைய நின்று வேலை பார்த்தவர்களின் உலகத்தை அறிந்து எழுதியவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

அடுத்து நீதிமன்றம். தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் பற்றி 1991-இல் தொடரப்பட்ட வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்திய நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அதில் திண்டுக்கல் பற்றி ஒரு செய்தி உண்டு. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு கணக்கெடுத்தபோது, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. நம் ஆய்வாளருக்கு இதைவிட முக்கியமான ஒரு வரி கிடைப்பது அரிது.

அவர் அதைத் தேடிக் கண்டுபிடிப்பாரா? ரெட்டியார்சத்திரம் என்று ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடினால் கண்டுபிடிக்க மாட்டார். இணையத்தில் பரவலாகப் படிக்கப்படும் பிரதியில் அந்த ஊர் ‘பெட்டியார் சத்திரம்’ என்று இருக்கிறது. பக்கத்தில் வரும் பஞ்சாயத்து என்ற சொல் முதல் எழுத்தை இழந்து ‘அஞ்சாயத்து’ ஆகிவிட்டது. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துப் பிழைகள். நாட்டின் மிக முக்கியமான தீர்ப்புகளில் ஒன்றில், தன் ஊர் பேசப்பட்டிருக்கிறது என்பதே அந்த ஒன்றியத்தைப் பற்றி ஆராய்பவருக்குத் தெரியாமல் போக அவை போதும். ஆவணம் திறந்த வெளியில்தான் இருக்கிறது. பூட்டு ஏதும் இல்லை, கட்டணமும் இல்லை. இருந்தும் அவரைப் பொறுத்தவரை அது இல்லாததுபோல்தான்.

இந்த இழப்பின் கொடுமை, அது நடந்தது நமக்குத் தெரியாது என்பதுதான். 1985-இல் டேவிட் பிளேர், எம். ஈ. மேரன் என்ற இருவர் அமெரிக்காவில் இதை அளந்து காட்டினார்கள். ஒரு பெரிய வழக்குக்காகச் சுமார் 40,000 ஆவணங்கள், ஏறக்குறைய 3,50,000 பக்கங்கள் கணினியில் ஏற்றப்பட்டிருந்தன. வழக்குக்குத் தேவையானவற்றில் முக்கால் பங்காவது கிடைத்துவிட்டது என்று வழக்கறிஞர்கள் நம்பினார்கள். உண்மையில் கிடைத்தது சுமார் 20 சதவீதம். தேடியவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஒரு தரப்பு ‘விபத்து’ என்று எழுதியதை எதிர்த்தரப்பு ‘அந்தச் சம்பவம்’ என்றும் ‘அந்தப் பிரச்சினை’ என்றும் எழுதியிருந்தது. அவ்வளவுதான் காரணம். ஒரு விஷயத்தை யார், எங்கே நின்று எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. ஆலை முதலாளியின் கடிதத்தில் ‘வெளியேற்று நீர்’ என்று இருப்பது, விவசாயியின் மனுவில் ‘சாக்கடை’ என்று இருக்கும்.

ஆகவே நூலகத்தை வடிவமைப்பவர் அலங்காரமான தேடுபெட்டியை வரைவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: பெயர்க் கோப்பு. ஒவ்வொரு ஊருக்கும் ஆற்றுக்கும் நிறுவனத்துக்கும் மாறாத ஒரு எண் கொடுத்து, அதற்கு வழங்கும் எல்லாப் பெயர்களையும் எல்லா எழுத்துக்கூட்டல்களையும், தெரிந்த பிழைகள் உட்பட, அந்த எண்ணின் கீழ் சேர்க்கும் வேலை. தமிழில் குடகனாறு என்று எழுதும் ஆறு, ஆங்கில ஆய்வுக் கட்டுரைகளில் கொடகனாறு ஆகிவிடுகிறது. ஆத்தூர் இன்னும் சிக்கலானது. காந்திகிராமம் இருப்பது ஆத்தூர் ஒன்றியத்தில். 1964-இல் உருவான காந்திகிராம ஊரக நலவாழ்வு, குடும்ப நல நிறுவனத்தின் ஆய்வுகளால் இந்த ஆத்தூர் மக்கள்தொகை ஆய்வாளர்களிடையே வெளிநாடுகளிலும் தெரிந்த பெயர். சேலம் மாவட்டத்திலும் ஓர் ஆத்தூர் உண்டு, தூத்துக்குடிப் பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டல் வேறுபடுவதால் ஓரளவு பிரித்தறியலாம். தமிழில் மூன்றும் ஒன்றே. வரைபடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான் இவற்றைப் பிரிக்கும்.

காலமும் பெயரை மாற்றுகிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முந்தைய புள்ளிவிவரம் எல்லாம் மதுரை மாவட்டத்தின் பெயரில் இருக்கும். மேற்சொன்ன தீர்ப்பில் அது திண்டுக்கல் அண்ணா மாவட்டம். 1997-இல் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்ட பிறகு, வெறும் திண்டுக்கல். ஒரே நிலத்துக்கு நாற்பது ஆண்டுகளில் மூன்று முகவரிகள். இவற்றை இணைத்துத் தராத நூலகத்தில் முப்பதாண்டு மாற்றத்தைப் பற்றிய கேள்வியைக் கேட்கவே முடியாது.

தமிழ் ஆவணங்களில் இன்னொரு தடை எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் கணினியில் தட்டச்சான ஆய்வேடுகள் பல, பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளன. திரையில் ‘கிணறு’ என்று தெரிகிறது. கோப்புக்குள் கணினி சேமித்து வைத்திருப்பதோ எஃப், பி, இசட், டபிள்யூ என்ற நான்கு ரோமன் எழுத்துகளை. மனிதக் கண் படிக்கும் பக்கத்தைத் தேடுபொறி படிக்க முடியாது. இவற்றை மாற்றித் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்று முதலில் கண்டறிந்து, ஒவ்வொன்றாக மாற்றிச் சரிபார்க்க ஆள் வேண்டும். ஒளிவருடிய பழைய அச்சுநூல்களில் இருப்பதோ வேறொரு சிக்கல். 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா போன்ற வடிவங்களைப் புதிய எழுத்தில் மட்டும் பழகிய எழுத்துணரி தவறாகப் படிக்கிறது. இவை எல்லாம் தீர்ந்தாலும் தமிழின் இயல்பு ஒன்று மிச்சம் இருக்கும். கிணறு, கிணற்றில், கிணறுகளுக்கு என்று சொல் உருமாறிக்கொண்டே இருப்பதால், வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத தேடல் ‘கிணறு’ என்று கேட்டால் ‘கிணற்றுநீர்’ இருக்கும் பக்கத்தைத் தவறவிடும்.

மேலே சொன்ன எல்லாம் துண்டுகளைக் கண்டெடுப்பதற்கு. அவற்றைப் பொருத்துவதற்கு வேறு ஒரு சிந்தனை வேண்டும். அதற்கு அடித்தளம் போட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார், அதே ஆண்டு நூலகவியல் கற்க லண்டன் போனார். அன்றைய பகுப்பு முறைகள் அறிவை ஒரு மரமாகக் கண்டன. ஒவ்வொரு நூலுக்கும் ஒரு கிளையில் ஓர் இடம், வேறெங்கும் இல்லை. லண்டனில் ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார் ரங்கநாதன். சில வகைத் துண்டுகளையும் திருகாணிகளையும் கொண்டு ஒரு குழந்தை பாலமும் கட்டுகிறது, பாரந்தூக்கியும் கட்டுகிறது. நூலின் பொருளையும் இப்படி அடிப்படைத் துண்டுகளாகப் பிரித்துத் தேவைக்கேற்பக் கோக்கலாமே என்று தோன்றியது. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை அதிலிருந்து வந்தது.

ஒரு ஆவணத்தை ஐந்து முகங்களில் பார்க்கச் சொன்னார் அவர். எதைப் பற்றியது, எந்தப் பருப்பொருள், என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம். நம் ஆய்வாளரின் கேள்வியை இதில் இட்டுப் பாருங்கள். நிலத்தடி நீர், உப்பும் குரோமியமும், மாசடைதல், திண்டுக்கல் சமவெளி, 1970-களிலிருந்து இன்றுவரை. இப்போது ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே திருப்பலாம். இடத்தை மட்டும் மாற்றினால் ஆம்பூரும் வாணியம்பாடியும் வரும், ஒப்பிடலாம். நீரை எடுத்துவிட்டுப் பயிரை வைத்தால், அதே இடத்தின் அதே காலத்து வேளாண்மை ஆய்வுகள் வந்து பக்கத்தில் நிற்கும். இன்று இணையத்தில் துணி வாங்கும்போது நிறம், அளவு, விலை என்று பக்கவாட்டில் வடிகட்டுகிறோமே, அதன் பின்னால் இருப்பது இதே முறைதான். கடைகள் எடுத்துக்கொண்ட அளவுக்கு நம் ஆய்வேட்டுக் களஞ்சியங்கள் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடத்தும் ‘சோத்கங்கா’வில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் எல்லோருக்கும் திறந்து கிடைக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிகளால் விளைந்த பெரும் நன்மை அது. அங்கே தலைப்பு, ஆய்வாளர், நெறியாளர், துறை, ஆண்டு என்று தேடலாம். ஆனால் எந்த ஒன்றியத்தில் கள ஆய்வு நடந்தது, எந்த மாதத்தில் நீர் எடுக்கப்பட்டது என்று தேட வழியில்லை. ஆய்வாளர் முதலில் அறிய விரும்புவது அதைத்தான்.

மாதம் ஏன் முக்கியம்? திண்டுக்கல்லில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். சித்திரை வெயிலில் எடுத்த நீருக்கும் தை மாதம் எடுத்த நீருக்கும் உப்பின் அளவு வெகுவாக வேறுபடும். அலகும் முக்கியம். ஓர் ஆய்வேடு கரைந்த திடப்பொருளை லிட்டருக்கு மில்லிகிராமில் தருகிறது. இன்னொன்று நீரின் மின்கடத்துத்திறனை மைக்ரோ சீமென்ஸில் தருகிறது. 3,000 மைக்ரோ சீமென்ஸ் என்பது தோராயமாக 1,900 மில்லிகிராம். இந்தியத் தர அமைவனம் குடிநீரில் ஏற்கும் அளவு 500, வேறு நீரே இல்லாத இடத்தில் பொறுத்துக்கொள்ளும் எல்லை 2,000. எனவே அந்த நீர் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது. அலகைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் எடுத்தவருக்கு 3,000 என்பது எல்லை தாண்டியதாகத் தோன்றும். குரோமியத்தையும் உப்பையும் சேர்த்து ஒரே ‘மாசு’ என்று குறியிட்டாலும் கதை கெடும். குரோமியத்தின் பெரும்பகுதி கசடில் தங்குகிறது. பச்சைத் தோல் அழுகாமலிருக்கத் தடவும் சாதாரண உப்போ, வழக்கமான சுத்திகரிப்பில் நீங்காமல் நீரோடு போய்விடுகிறது. கிணற்றைக் கரிக்க வைப்பது பெரும்பாலும் இந்த உப்புதான்.

ஆகவே ஆய்வேட்டின் அட்டவணைகளைப் பக்கத்தின் படமாக விட்டுவைக்கக் கூடாது. ஒவ்வொரு அளவீட்டையும் தனிக் குறிப்பாக வெளியே எடுக்க வேண்டும்: இன்ன கிணறு, இன்ன ஊர், இன்ன ஆழம், இன்ன நாள், இன்ன அலகு, அளந்தவர் யார், எந்த ஆய்வேட்டின் எந்தப் பக்கம். இதே மாவட்டத்தின் மலைமேல் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1900-களின் தொடக்கத்திலிருந்து நாள்தோறும் சூரியனைப் படம் எடுத்துவந்திருக்கிறது. அந்தக் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் எண்ணிமமாக்கப்பட்டு, உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் சூரியப் புள்ளிகளின் நூறாண்டு ஏற்ற இறக்கத்தைக் கணக்கிடப் பயன்படுகின்றன. ஒவ்வொரு படத்துடனும் எடுத்த நேரமும், சூரியனின் வடதிசை படத்தில் எந்தப் பக்கம் என்ற விவரமும் இருந்தால்தான் அது பயன்படும். அவை இல்லையென்றால் அது வெறும் வட்டம்.

துண்டுகள் இப்படி ஒன்றோடொன்று பேசத் தொடங்கினால் என்ன நடக்கும் என்பதை 1986-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டான் சுவான்சன் காட்டினார். அவர் மருத்துவர் அல்லர். மீன் எண்ணெய் இரத்தத்தின் பிசுபிசுப்பைக் குறைக்கிறது என்று ஒரு குவியல் கட்டுரைகள் சொன்னன. குளிரில் விரல்கள் வெளிறி மரத்துப்போகும் ரேனோ நோயில் இரத்தத்தின் பிசுபிசுப்பு கூடுகிறது என்று வேறொரு குவியல் சொன்னது. இரு குவியல்களும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டியதே இல்லை. இரண்டையும் படித்த சுவான்சன், மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவக்கூடும் என்று ஊகித்தார். பிறகு நடந்த மருத்துவச் சோதனை அந்த ஊகத்துக்கு வலுச் சேர்த்தது. விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது. பாதி ஓரிடத்தில், பாதி இன்னோரிடத்தில். திண்டுக்கல் கிணற்றுநீரை அளந்த வேதியியல் மாணவரும், அதே ஊரிலிருந்து மில்லுக்குப் போகும் பெண்களைப் பேட்டி கண்ட சமூகவியல் மாணவரும் ஒருவர் ஆய்வேட்டை ஒருவர் பார்க்காமலே பட்டம் பெற்றுப் போகலாம். அவர்களைச் சந்திக்க வைக்க வேண்டிய இடம் நூலகம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இதெல்லாம் தானாக நடக்காதா? ஓரளவு நடக்கும். இன்றைய மொழி மாதிரிகள் சொற்களை எண்வரிசைகளாக மாற்றி, பொருள் நெருங்கியவற்றை அருகருகே வைக்கின்றன. அதனால் ‘கிணறு’ என்று கேட்டால் ‘கேணி’யும் வரும், ‘சாக்கடை’ என்று கேட்டால் ‘வெளியேற்று நீர்’ என்பதும் வரும். பிளேரும் மேரனும் கண்ட பள்ளத்தில் பெரும்பகுதியை இது நிரப்பும். மனமார வரவேற்கிறேன். ஆனால் நெருக்கம் வேறு, ஒன்றாக இருப்பது வேறு. மூன்று ஆத்தூர்களும் இந்த முறையில் மிக நெருங்கியே இருக்கும். சேலத்து ஆத்தூரின் மரவள்ளிக்கிழங்கைத் திண்டுக்கல் ஆத்தூரின் வயலில் நட்டுவிட்டு, கேள்வி கேட்டவருக்குச் சரளமான தமிழில் விடை எழுதித் தரும். பெயர்க் கோப்பும் அளவீட்டுக் குறிப்பும் அடியில் இருந்தால், மாதிரி சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு பக்க எண்ணோடு கட்ட முடியும். 467-இல் 350 என்ற எண்ணைத் தொட்டால் தீர்ப்பின் பத்தி திறக்க வேண்டும். அங்கிருந்து, அந்தக் கணக்கெடுப்பை யார் நடத்தினார்கள், எந்த 13 கிராமங்கள், எதை வைத்துக் கெட்டுப்போனது என்று முடிவு செய்தார்கள் என்ற அடுத்த படிக்குப் போக வழி இருக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பின் மூலப்படி களஞ்சியத்தில் இல்லையென்றால், இல்லை என்று நூலகம் சொல்ல வேண்டும்.

இந்த ‘இல்லை’யை நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். இன்றைய தேடுபெட்டிகள் முடிவு எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்கின்றன. யாரும் அளக்கவில்லையா, அளந்தது இங்கே வரவில்லையா, வந்தும் பாமினியில் புதைந்து கிடக்கிறதா? மூன்றும் ஒன்றல்ல. நல்ல நூலகம் ஒன்றியம் ஒன்றியமாக, ஆண்டு ஆண்டாக ஒரு கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் எத்தனை அளவீடு இருக்கிறது, எது காலி என்று காட்டும். காலியான கட்டங்களைப் பார்த்துவிட்டு ஆய்வாளர் எங்கே போவது என்று முடிவு செய்யலாம். அவற்றில் பலவற்றை நிரப்பத் தெரிந்தவர்கள் காந்திகிராமத்துக்குப் பக்கத்து ஊர்களிலேயே இருக்கிறார்கள். கிணற்று மேட்டில் உட்கார்ந்து பேசும் ஒரு பெரியவர், அணை உடைந்த வருஷத்துக்குப் பிறகுதான் தண்ணி கரிக்க ஆரம்பித்தது என்று சொன்னால், அது தேதியிட்ட சாட்சியம். வேடசந்தூர் அருகே குடகனாறு அணை உடைந்தது 1977-இல். ‘அணை உடைந்த வருஷம்’ என்ற தொடரும் அந்த ஆண்டும் நூலகத்தின் காலக் கோப்பில் இணைந்திருந்தால், பெரியவரின் ஒலிப்பதிவு, நீர் வாரியத்தின் அளவீட்டுக்கும் உச்சநீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் பக்கத்தில், அதே கால வரிசையில் வந்து சேரும். அவர் சொன்னதும் அவர்கள் அளந்ததும் ஒத்துப்போகாவிட்டால், ஆய்வாளருக்கு அடுத்த கேள்வி அங்கே பிறக்கும்.